எர்த் என்று நான் படித்த முக்கோணம்

சர்க்யூட் படம் படிக்க எனக்கு முறையாக யாரும் சொல்லித் தந்ததில்லை. திண்டுக்கல்லில் ஒரு ரேடியோ இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, முதல் பருவம் முடிவதற்குள் நின்றுவிட்டேன். மிச்சமெல்லாம் மைக் செட் கடையில் கற்றது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஆம்ப்ளிஃபயரைச் சுமந்துகொண்டு அலைந்த நாட்களில், பெட்டி நடுவில் மக்கர் செய்தால் மூடியைக் கழற்றுவோம். மூடியின் உள்பக்கத்தில் படம் ஒட்டியிருக்கும். ரம்பப் பல் மாதிரி இருந்தால் ரெசிஸ்டர். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நின்றால் கெப்பாசிட்டர். சுருள்முடி மாதிரி வளைந்து வளைந்து போனால் காயில். ஒரு முக்கோணம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் டயோடு. கோடு கீழே இறங்கி, தரையைப் பார்த்து எப்படி முடிந்தாலும் அது எர்த்.

எர்த் எங்களுக்கு வெறும் குறியீடு இல்லை. வைத்தியமும் அதுதான். ஸ்பீக்கர் உறுமினால் எர்த் கொடு. பேச வந்த வட்டச் செயலாளரின் உதட்டில் மைக் சுர்ரென்று அடித்தால் எர்த் கொடு. பந்தலுக்குப் பின்னால் குழி தோண்டி, கம்பியை இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றினால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். படத்தில் அது மூன்று கோடாக இருக்கிறதா, சீப்பு மாதிரி இருக்கிறதா, முக்கோணமாக இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகும்.

அமெரிக்காவுக்கு வந்ததும் மைக் செட் ஆளாகத்தான். தமிழ்ச் சங்கங்களில் பாடுவதற்காக ஊர் ஊராகப் போன ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ஒயர் சுருட்டுகிறவனாக வந்தேன். குழு திரும்பிப் போனது, நான் போகவில்லை. பிஸ்கட்டவே பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு குளிர்காலம் நின்றேன். நியூ ஜெர்சியில் வண்டிக்காரர்கள் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை இருந்தது. விரல் நுனியில் உணர்ச்சி குறைய ஆரம்பித்ததும் அங்கிருந்து கிளம்பி, பஸ்ஸிலேயே சான் ஹோசே போனேன். அங்கே ஓர் அசெம்ப்ளி லைனில் சால்டரிங் வேலை. சர்க்யூட் படத்தை அங்கே யாரும் எங்கள் கண்ணில் காட்டவில்லை. எந்த ஓட்டையில் எந்த நிறப் பாகம் என்று ஒரு வண்ணப் படம் இருக்கும், அவ்வளவுதான். என் கை தேறியது, கண் அப்படியே இருந்தது. லைனை மூடிவிட்டார்கள். சில வாரங்கள் காரில் தூங்கினேன். சொந்தக் கார் என்பதால் அவமானம் ஒன்றும் தோன்றவில்லை, முதுகுதான் வலித்தது. பிறகு அதே காரை ஓட்டிக்கொண்டு டெக்சாஸ் வந்தேன்.

பிளானோவில் ஓர் இந்திய மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கும் வேலை. கடையின் கண்ணாடிக் கதவில் யார் யாரோ ஒட்டிய சீட்டுகளுக்கு நடுவே, ‘ரூம்மேட் தேவை, சமைக்கத் தெரிந்தால் நல்லது’ என்று ஒரு சீட்டு இருந்தது. அதை ஒட்டியவன் திருச்சிக்காரன், டெலிகாம் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் இன்ஜினியர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். படுக்கையறை அவனுக்கு, ஹாலில் ஜன்னலோரமாக ஒரு மெத்தை எனக்கு. நான் சாம்பார் வைப்பேன், அவன் பாத்திரம் கழுவுவான். இரண்டாயிரமாவது வருடம். இத்தனை ஊர்களில் இருந்துவிட்டு, எந்த இடத்தை நினைத்தால் மனசு இளகுகிறது என்று என்னைக் கேட்டால், அந்த ஹாலைத்தான் சொல்வேன். அங்கே இருந்ததெல்லாம் பழுப்புக் கார்ப்பெட்டும், ஒரு மடக்கு மேஜையும், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடமும் ஒரு ஓக் மரமும்தான்.

அவனுடைய அப்பாவுக்கு அந்த வருடம் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் பேச்சு குழறியது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. குழறுகிற பேச்சை யாரும் கேட்கக் கூடாது என்று அவர் போன் பக்கமே வருவதில்லை. வலது கை நன்றாக இருந்ததால் எழுதிக் காட்டலாம். ஆனால் மகனுக்கு என்ன சொல்லட்டும் என்று அம்மா கேட்டால் ‘நலம்’ என்று மட்டும் எழுதுவாராம்.

“அம்மா வாய் வழியா வர்ற அப்பா அப்பாவே இல்ல பாஸ்,” என்றான் அவன். “அவரு நலம்னு சொல்ற ஆளே கிடையாது. உயிரோட இருக்கறவன் எவனும் நலமா இருக்க மாட்டான்னு சொல்ற ஆளு.”

“போய்ப் பாத்துட்டு வந்துரு தம்பி.”

“போனா இங்க எல்லாம் காலி.”

அவனுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தில் சிக்கி நின்றிருந்தது. நாட்டை விட்டு வெளியே போய் வர முன்அனுமதிக் காகிதம் ஒன்று வர வேண்டும். அது வராமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், வேலையும் போய்விடும். போகவா, இருக்கவா என்று அவன் தினமும் தனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தான். அப்பா என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் தீர்ந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அவனுடைய அப்பா ஹாம் ரேடியோக்காரர். மொட்டை மாடியில் பெரிய ஆன்டெனா நட்டு, தானே கட்டிய செட்டில், தந்தி அடிப்பதுபோல மோர்ஸ் சாவியைத் தட்டி உலகம் முழுக்கப் பேசுகிறவர். நாக்குக் குழறினாலும் வலது கை குழறாது. மகனும் சின்ன வயதில் மோர்ஸ் கற்றவன்தான். அந்த வருடம் அமெரிக்க ஹாம் தேர்வில் மோர்ஸ் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். அவன் போய் எழுதி லைசென்ஸ் வாங்கி வந்தான். அடுத்த சனிக்கிழமை டல்லாஸ் பக்கம் ரேடியோக்காரர்கள் கூடும் ஒரு சந்தையிலிருந்து ஒரு ஷூ பெட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே யாரோ பாதி கட்டிவிட்டு அலுத்துப்போன ஒரு டிரான்ஸீவர் கிட். பேசுவதற்கும் கேட்பதற்கும் சேர்த்து ஒரே போர்டு, மோர்ஸுக்கு மட்டும். கூடவே நாலாக மடித்த ஜெராக்ஸ் படம்.

“கடைல புதுசா ஒண்ணு வாங்கியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“அவரு கட்டின செட்டோட நான் ரெடிமேட் பாக்ஸ் வச்சு பேசினா காறித் துப்புவாரு. உங்களுக்கு சால்டரிங் வரும்ல?”

“சால்டரிங் வரும். படம் கொஞ்சம்தான் வரும்.”

“எனக்கு படம் காலேஜோட போச்சு. ரெண்டு அரையும் சேர்ந்து ஒண்ணு ஆகுதான்னு பாப்போம்.”

கடை முடிந்து நான் வருவதும் ஆபீஸ் முடிந்து அவன் வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அடுப்பில் குக்கர் ஏறியதும் மடக்கு மேஜையை விரிப்போம். சாம்பார்ப் பொடி வாசனையோடு சால்டரிங் புகை கலந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு அந்த ஹால்தான். சின்னப் பாகம் எதுவும் கீழே விழுந்தால் கார்ப்பெட்டில் தொலைந்துவிடும். அவன் டார்ச் அடித்துத் தேடுவான். நான் வெறுங்காலோடு நடப்பேன், குத்தினால் கிடைத்துவிட்டது.

படத்தில் எங்கள் இருவருக்கும் சண்டை வராத குறியீடே இல்லை. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால் அவை சேர்கின்றன, இல்லாவிட்டால் தாண்டிப் போகின்றன. ஜெராக்ஸில் அழுக்கும் புள்ளியும் ஒரே மாதிரி இருந்தன. அவன் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டு, இது சேர்ந்தால் கரண்ட் எங்கே போகும் என்று யோசிப்பான். நான் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். இரண்டு வழிகளும் ஓரளவு பலித்தன.

ஓரிடத்தில் கோடு ஒன்று கீழே இறங்கி, கறுப்பாக நிரம்பிய ஒரு முக்கோணத்தில் முடிந்தது.

“பாஸ், இந்த முக்கோணம் என்ன?”

“எர்த்.”

“அப்போ அந்த சீப்பு?”

“அதுவும் எர்த்.”

“ரெண்டும் எர்த்னா எதுக்கு ரெண்டு மாதிரி வரையணும்?”

“வரைஞ்சவனுக்கு போர் அடிச்சிருக்கும்.”

“நான் புரோகிராம்ல இப்படி ஒரே விஷயத்துக்கு ரெண்டு பேர் வச்சா என் டீம் லீட் என்னைக் கொன்னுருவான்.”

“உன் லீட் மைக் செட் போட்டிருக்கானா? வை, நான் பாத்துக்கறேன்.”

அந்த முனையை போர்டின் எர்த்தோடு சேர்த்து சால்டர் வைத்தேன். அதுவரை மூச்சுப் பேச்சில்லாமல் இருந்த ஹெட்போனில், பேட்டரியைச் செருகியதும், இரைச்சல் கொட்டியது. இரைச்சலுக்குள் டயலைத் திருப்பத் திருப்ப மெல்லிய விசில்களாக மோர்ஸ் வந்தது. எங்கெங்கிருந்தோ யார் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “பாத்தியா? எர்த்!” என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான். உயிர் வந்த பிறகு யார் வாதாடுவார்கள்.

பால்கனியிலிருந்து ஓக் மரத்துக்கு மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்தோம். அபார்ட்மென்ட் ஆபீஸுக்குத் தெரியக் கூடாது என்று அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தான். பிறகு சாவியை இணைத்து ஒரு தட்டுத் தட்டினான். தட்டியவன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

“காதுக்குள்ள ரயில் போச்சு பாஸ்.”

நானும் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்தேன். சாவியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் செவி கிழிந்தது. எங்கோ எர்த் போதவில்லை என்றேன். பழக்க தோஷம். இருந்த எர்த்தெல்லாம் இன்னும் தடிமனாக வைத்தேன். ஓலம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் படத்தை எடுத்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். வெயில் காகிதத்தின் பின்னாலிருந்து அடித்தது. “இங்க வாங்க,” என்றான். கறுப்பு முக்கோணம் முழுக் கறுப்பாக இல்லை. ஜெராக்ஸ் மை அப்பிய இடத்துக்கு உள்ளே ஓர் எழுத்தின் எலும்பு மட்டும் தெரிந்தது, R. படத்தின் மறுகோடியில், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில், இன்னொரு முக்கோணம். அதற்குள்ளும் R.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அது எர்த்தே இல்லை. ஒரு ஒயரைத் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரைந்தால் மற்ற எல்லாக் கோடுகளையும் வெட்டிக்கொண்டு போகும். அதனால் இங்கே ஒரு முக்கோணத்தை வைத்து ஓர் எழுத்தைப் போட்டு, அங்கேயும் அதே முக்கோணத்தில் அதே எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஒயரை நாமே மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். அந்த ஒயரின் வேலை, சாவியை அழுத்தும்போது கேட்கும் பகுதியைச் செவிடாக்குவது. பக்கத்திலேயே நாம் கத்தும்போது செட்டின் காதை மூட வேண்டும், சாவியை விட்டுச் சற்று நேரம் கழித்துத் திறக்க வேண்டும். நான் அதை எர்த்தில் கட்டிவிட்டதால் காது மூடவே இல்லை. கேட்கும் பகுதிக்கு உயிர் வந்ததும் அதனால்தான், எங்கள் சொந்தத் தட்டலே செவியைக் கிழித்ததும் அதனால்தான்.

“வரைஞ்சவனுக்கு போர் அடிச்சிருக்கும்,” என்று என் குரலில் சொல்லிக் காட்டினான்.

“போதும், பாத்திரம் கழுவுற வேலையைப் பாரு.”

முனையை எர்த்திலிருந்து பிரித்து, மறுகோடி R வரைக்கும் ஓர் ஒயர் இழுத்தேன். இப்போது சாவியை அழுத்தினால் இரைச்சல் சட்டென்று அடங்கி, சாவிக்கென்றே செட் உண்டாக்கும் மிருதுவான பீப் மட்டும் கேட்டது. தட்டி முடித்துச் சற்று நேரத்தில் இரைச்சல் திரும்பி வந்தது. படத்தில் எப்படி இருந்ததோ அப்படி. அவனுக்கு அதில் அத்தனை சந்தோஷம். மத்தியானம் என்னை தோசைக் கடைக்குக் கூட்டிப்போனான்.

அலைவரிசையையும் நேரத்தையும் அம்மாவிடம் போனில் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தான். நமக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். அந்த நேரத்தில்தான் இரண்டு ஊருக்கும் நடுவே அலை தாண்டும். எங்கள் செட்டின் சக்தி விடிவிளக்கு அளவுதான். ஆனால் திருச்சியில் இருந்த ஆன்டெனா பெரியது.

குறித்த காலையில் அவன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நான் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். மோர்ஸ் எனக்குத் தெரியாது. ஹெட்போனின் ஒரு காதை வெளிப்பக்கமாகத் திருப்பி எனக்கும் கேட்கும்படி வைத்திருந்தான். கேட்கும் ஒவ்வோர் எழுத்தையும் கடையின் காகிதப் பையைக் கிழித்து அதன் மேல் எழுதினான். அப்பாவின் அடையாள எழுத்துகளான கால்சைன் வந்தது. தெளிவாக, மெதுவாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி கொஞ்சம் கூடியும் குறைந்தும் வந்தது. நொண்டி நடப்பது போன்ற ஒரு தாளம். பதில் தட்டினான். இனி உன் முறை என்று அவர் ஒதுங்கினார்.

அவன் நீளமாகத் தட்டினான். ரோமன் எழுத்தில் தமிழ். விண்ணப்பம் எங்கே நிற்கிறது, வக்கீல் என்ன சொல்கிறார், எப்போது காகிதம் வரும், வந்ததும் எப்படி வருவான் என்று பல நாட்களாக யோசித்து வைத்ததையெல்லாம் தட்டினான். முடித்து, உங்கள் முறை என்று சொல்லிவிட்டுக் காதைக் கூர்மையாக்கினான். இரைச்சல் திரும்பி வந்தபோது எதுவோ முடிகிற நேரம். டி-டி-டி-டா, டி-டா. அவ்வளவுதான். பையில் V என்றும் A என்றும் எழுதினான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

“முடிச்சிட்டாரு,” என்றான்.

V, A இரண்டையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தட்டினால், என் பேச்சு முடிந்தது, மூடுகிறேன் என்று பொருளாம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்று விளக்கினான். அவனும் அதையே திருப்பித் தட்டிவிட்டு செட்டை அணைத்தான். முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

உடனே வீட்டுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

“என்னடா பண்ணே நீ? அப்பா கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாரு.”

“நான் என்னம்மா பண்ணேன்? அவர்தான் மூடிட்டாரு.”

“அவரு எங்க மூடினாரு? நீ பாட்டுக்கு கீ கீன்னு போயிட்டே இருந்தே. அவரு நடுவுல நடுவுல தட்டித் தட்டிப் பாத்தாரு. நீ காதுலயே வாங்கல.”

“என்ன தட்டினாரு?”

“எனக்கென்னடா தெரியும்? எனக்கு அது எலி சுரண்டற மாதிரிதான் கேக்குது. கேட்டா கைய ஆட்டறாரு.”

போனை வைத்தான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதுதான் அந்த உலகத்தின் முதல் மரியாதை. வியாதியில் அவருக்கு அது மறந்துபோயிருக்கும் என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவன் தட்டும்போது இவனுடைய செட் செவிடு. அவர் குறுக்கே தட்டியதெல்லாம் செவிட்டுச் செட்டில்தான் விழுந்திருக்கிறது.

“முக்கோணத்தை மறுபடி எர்த்ல கட்டிருவோம்,” என்றேன்.

“தப்புன்னு தெரிஞ்சே தப்பா வைக்கறதா?”

“காது மூடலைன்னா நீ ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல அவரு தட்டறது கேக்கும்ல?”

“கேக்கும்.” யோசித்தான். “ஆனா ரயில் போகுமே பாஸ், செவிடாயிருவேன்.”

அதற்கும் அவனே வழி கண்டுபிடித்தான். ஹெட்போனுக்குக் குறுக்கே இரண்டு டயோடுகளை எதிரும் புதிருமாக வைத்தால், சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் அவை விழுங்கிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னான். நான் வைத்தேன். R ஒயரை வெட்டி, அந்த முனையைப் பழையபடி எர்த்தில் கட்டினேன். ஓலம் இப்போது பெரிய தேனீ அளவுக்கு இறங்கியிருந்தது. அசிங்கமான சத்தம். தாங்கலாம்.

மறுநாள் காலை மறுபடி உட்கார்ந்தான். கால்சைன்கள் பரிமாறிக்கொண்டார்கள். நேற்றைய மாதிரியே, விண்ணப்பத்திலிருந்து ஆரம்பித்தான். இரண்டு வார்த்தை போயிருக்கும். அவனுடைய தேனீக்களுக்கு நடுவே, மெல்லிய விசிலாக, வேறொரு கை. அவன் காதில் வாங்கியும் வாங்காமலும் இன்னும் கொஞ்சம் தட்டினான். விசில் விடவில்லை. டா-டி-டிட், டிட், டி-டிட். அவன் கை நின்றது. பையின் மேல் எழுதினான்: DEI.

“என்னது?” என்றேன்.

“டேய்ங்கறாரு.”

சிரித்தான். கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தையைத்தான் நேற்று முழுக்கத் தட்டிக்கொண்டிருந்திருப்பார். இப்போது சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பேசாமல் காத்திருந்தான். அவருடைய நொண்டித் தாளம் தொடர்ந்தது. V. ஓர் இடைவெளி. A.

இருவரும் பையைப் பார்த்தோம். DEI VA.

“முடிக்கறாரா, கூப்பிடறாரா?” என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை.

சாவியை எடுத்துக் கேள்வியாகத் தட்டினான்: MUDIKKAVA VARAVA என்று. VARAVA பாதியில் இருக்கும்போதே திருச்சி குறுக்கே வந்தது. எழுத்தெழுத்தாக எழுதினான். V. A. D. A.

நான் வாய்விட்டுப் படித்தேன். “வடை?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த ஹாலில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே மேஜையில் தலையைக் கவிழ்த்தான். முதுகு வெகுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பாக இருந்தது எதுவரைக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கே இரைச்சலுக்கு நடுவில் அவர் இன்னொரு முறையும் அதையே தட்டினார், வேகத்தைக் குறைத்து, மடையனுக்குச் சொல்வதுபோல.

போக வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். மேனேஜர் இன்னும் கொஞ்சம் பொறு என்றார். அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, பீட்சா சாப்பிட்டுக்கொண்டே, பைத்தியமா உனக்கு என்று கேட்டார்கள். அவன் யாரோடும் வாதாடவில்லை. டிக்கெட் வாங்கினான். காரை விற்றான். குளிர்காலக் கோட்டை எனக்குக் கொடுத்தான். டெக்சாஸில் அதற்கு வேலை இல்லை. ஆனால் நான் எங்கே போவேன் என்று யாருக்குத் தெரியும் என்றான். அதுவும் சரிதான்.

புதன்கிழமை சாயங்காலம் என் காரிலேயே டோல் ரோட்டில் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் கடைக்குப் போகிறவன் மாதிரிச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், “செட்டை நீங்களே வச்சுக்கங்க. ஆனா சாவியைத் தொடாதீங்க, உங்களுக்கு லைசென்ஸ் இல்ல,” என்றான்.

“எனக்கு விசாவே இல்ல தம்பி,” என்றேன்.

மறுநாள் காலை ஹால் மிகப் பெரிதாக இருந்தது. கடைக்குப் போக நேரம் இருந்தது. மேஜையில் செட் அப்படியே இருந்ததால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். அதற்குள் எத்தனையோ காலைகள் கேட்டிருந்ததால் சில எழுத்துகள் எனக்குப் பழகியிருந்தன. அந்த நொண்டித் தாளத்தைக் கண்டுபிடிக்க எழுத்தும் தேவையில்லை. மகன் இந்நேரம் ஏதோ ஒரு கடலுக்கு மேல் பறந்துகொண்டிருப்பான். அவன் அப்பா வழக்கமான நேரத்துக்குச் செட்டில் வந்து உட்கார்ந்து, யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாக அழைத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பானிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். ஜே-யில் தொடங்கும் கால்சைன். வேகமான கை, பேச்சில் தாராளம் போல. தட்டிக்கொண்டே போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். அவர் மூச்சு விட்ட ஒவ்வோர் இடைவெளியிலும் நான் காத்திருந்தேன், இதோ திருச்சிக்காரர் குறுக்கே வரப்போகிறார் என்று. திருச்சி சத்தமே காட்டவில்லை. ஜப்பான்காரர் முழுவதும் சொல்லி முடித்து, உங்கள் முறை என்று ஒதுங்கிய பிறகு, கொஞ்சம் நிதானித்து, அவர் மெதுவாகத் தொடங்கினார். மறுபடி ஜப்பான்காரரின் முறை வந்தபோதும் அப்படியே. ஒருமுறைகூட அந்நியருடைய பேச்சை அவர் வெட்டவில்லை.